சுமித்திரா வீட்டுச் சீமெந்துத் தளம்

மீன் பேசினை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலிப் படலையைத் தள்ளி உள்ளே வந்த சுமித்திரா அப்படியே நின்றுவிட்டாள்.

அவளுடைய கருவாட்டுத் தளத்தின் நடுவில், முன்பின் தெரியாத ஒரு பெண் முழங்காலில் நின்று, பெயின்ற் அடிக்கிற பிரஷ் ஒன்றினால் மீன் செதிலைத் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அளவு நாடா, தொப்பி, முதுகுப் பை. காயப்போட்டிருந்த சூடைக் கருவாட்டை ஒரு கரைக்கு ஒதுக்கி, காகம் தொடாமல் சாக்கினால் மூடியும் வைத்திருந்தாள். அந்த ஒழுங்கைத்தான் சுமித்திரா சந்தேகத்தோடு பார்த்தாள். களவுக்கு வருகிறவர்கள் இப்படி அடுக்கி வைப்பதில்லை. ஏதாவது அலுவலகத்திலிருந்து வருகிறவர்கள்தான் வைப்பார்கள்.

"ஆரது?"

அந்தப் பெண் திடுக்கிட்டு எழும்பினாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. படலையில நிண்டு கூப்பிட்டனான். ஒருத்தரும் இல்லை..."

"ஒருத்தரும் இல்லாட்டி உள்ளுக்கு வாறதோ?"

"நான் நிசாந்தினி. வவுனியா. கம்பசில வரலாறு ஆராய்ச்சி செய்யிறன்."

வரலாறு. அந்தச் சொல்லைக் கேட்டதும் சுமித்திரா பேசினைக் கீழே வைத்தாள்.

"என்ன வரலாறு?"

"இரண்டாம் உலக யுத்தம்."

"எங்கட யுத்தத்தையே ஒருத்தரும் இன்னும் படிச்சு முடிக்கேல்லை. நீர் அதுக்கிடையில உலக யுத்தத்துக்கு வந்திட்டீர்."

நிசாந்தினி சிரித்தாள். சிரிப்பு நல்ல சிரிப்புத்தான். ஆனால் நல்ல சிரிப்போடு வந்தவர்களால்தான் இந்தப் பக்கத்தில் எல்லாமே நடந்திருக்கிறது.

"ஜப்பான்காரன் திருகோணமலையில குண்டு போட்டவன் எல்லோ அக்கா, நாப்பத்திரண்டில. அதுக்குப் பிறகு வெள்ளைக்காரர் இந்தக் கரையில அங்கங்க காவல் போட்டிருக்கினம். இது பீரங்கி பூட்டின தளம் எண்டு நினைக்கிறன். நடுவில வட்டமா இருக்கிற ஆணியளைப் பாருங்கோ. திருகோணமலையிலயும் இதே மாதிரி ஒண்டு பார்த்தனான்."

"ஜப்பான்காரனுக்கு நாயாற்றில என்ன வேலை? இறால் பிடிக்க வந்தவனோ?"

அந்த ஆணிகளைச் சுமித்திராவுக்குத் தெரியாதா என்ன! பெருவிரல் மொத்தத்தில், துருப்பிடித்து, வட்டமாக நிற்கும். காகம் வராமல் நூல் கட்டுவது அவற்றில்தான். யுத்தம் முடிந்து செட்டிகுளத்து அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த அன்று காணியில் வீடில்லை, வேலியில்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. இந்தத் தளம் மட்டும் கிடந்தது. கடைசி யுத்தத்தில் புருசனை இழந்த அவள் கருவாடு போடத் தொடங்கியது இதில்தான். மகள் வவுனியாவில் நேர்ஸிங் படிக்கிறாள் என்றால், அந்தப் படிப்பும் இந்தச் சீமெந்தில் காய்ந்த கருவாட்டில்தான் நடக்கிறது. ஆர் போட்டது, எப்போது போட்டது என்று இந்த நாவலடிக்கண்டல் ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. இருந்தது, பாவித்தார்கள்.

"சரி, பார்த்தாச்சுத்தானே. வெளிக்கிடும்."

"ஒரு கேள்வி மட்டும் அக்கா." நிசாந்தினி தயங்கினாள். "இந்தக் காணியில பழைய செங்கல் துண்டுகள் கிடக்குது எல்லோ? எங்கயெங்க கிடக்குதெண்டு காட்டுவீங்களோ?"

மேட்டுக்காணித் தயாபரனின் ஞாபகம்தான் சுமித்திராவுக்கு வந்தது.

இதே கேள்விதான். இரண்டு வருசத்துக்கு முன் ஒரு பெடியன் கமராவோடு வந்து தயாபரனிடம் இதைத்தான் கேட்டான். தயாபரனும் பெருமையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான், தேத்தண்ணியும் கொடுத்தான். அடுத்த மழைக்கு முதல் கொழும்பிலிருந்து தொல்பொருள் ஆக்களின் லொறி ஒன்று வந்தது. இப்போது தயாபரன் குடும்பம் தலைமுறையாக மரமுந்திரிகை ஆய்ந்த மேட்டுக்காணியைச் சுற்றி எல்லைக்கல் நிற்கிறது. பழைய இடம், உள்ளே போகக்கூடாது என்று மூன்று பாஷையிலும் பலகை. தயாபரன் இப்போது பரந்தனில் ஒரு கடையில் மூட்டை தூக்குகிறான்.

சுமித்திராவுக்குத் தயாபரன் அளவுக்குக்கூடப் பிடிமானம் இல்லை. காணிப் பெர்மிட் இடம்பெயர்வில் போய்விட்டது. புதிது வரும், வரும் என்று சொல்லி வருசங்கள் போயின. ஒரு எல்லைக்கல் விழுந்தால் போதும். அவளும் மூட்டை தூக்க வேண்டியதுதான்.

"செங்கலோ? இஞ்சை அப்பிடி ஒண்டும் இல்லையே" என்றாள்.

சொன்னபோது அவளுடைய கால், கிணற்றடிச் செங்கல் ஒன்றின் மேல்தான் நின்றது.

---

"அதே கதை, அதே நடை" என்றார் யோகலிங்கம்.

கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தவர் ஊசியைக் கீழே வைத்தார். மீனவர் சங்கத்துச் செயலாளர். சங்கத்தில் அரைவாசிப் பேர் அவருடைய சொந்தம், மிச்சப் பேர் அவருடைய வாய்க்குப் பயம்.

"பீரங்கித் தளமாம் யோகண்ணை."

"என்ன பீரங்கி? நான் பாக்காத பீரங்கியோ? வரலாறு எண்டு ஆர் வந்தாலும் பின்னால லொறி வரும். நீ எழுதி வைச்சுக்கொள். வவுனியா எண்டவள், அவளின்ர கதையைப் பார்த்தியே? இடைக்கிட 'ங்க' போட்டுக் கதைக்கிறாள்."

"தாய் தேப்பன் மலைநாட்டிலயிருந்து கலவரத்துக்கு ஓடி வந்தவையாம். அவள் பிறந்தது செட்டிகுளத்துப் பக்கம்."

"அது அவள் சொல்லுறது." யோகலிங்கம் வெற்றிலையைத் துப்பினார். "எங்க நிக்கப்போறாளாம்?"

"வெள்ளி வரைக்கும் என்ர வீட்டில ஒரு அறை தருவியளோ எண்டு கேக்கிறாள்."

"குடு."

"என்ன அண்ணை, விசரோ?"

"எடி பிள்ளை, அவள் வேற வீட்டில நிண்டால் என்ன செய்யிறாள் எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்? உன்ர வீட்டில நிண்டால் சோத்தைப் போட்டுக்கொண்டே பாக்கலாம். ஒண்டும் கேளாதை. கேட்டால் உசாராகிடுவாள். பார்த்துக்கொண்டு மட்டும் இரு."

சுமித்திரா பார்த்தாள்.

நிசாந்தினி நல்ல பிள்ளை போலத்தான் இருந்தாள். குசினியில் வந்து தேங்காய் துருவினாள். மீன் வெட்டத் தெரியாது, ஆனால் வெட்டப் பழக்கச் சொல்லிக் கேட்டாள். "கம்பசில உதுவும் படிப்பிக்கிறவையோ?" என்று சுமித்திரா இடித்தபோது, "இதைப் படிச்சிருந்தா எப்பவோ வேலை கிடைச்சிருக்கும் அக்கா" என்றாள். சிரிக்காமல் இருக்கச் சுமித்திரா மிகவும் பாடுபட வேண்டியிருந்தது.

சாப்பிடும்போது அந்தப் பழைய யுத்தத்தைப் பற்றிச் சொன்னாள். சிங்கப்பூர் விழுந்தது, கொழும்பில் குண்டு விழுந்தது, சனம் மூட்டை கட்டிக்கொண்டு ஊரூராக ஓடியது. "எங்களை மாதிரித்தான் அக்கா. ஆனா ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை. இந்தக் கரையில காவல் நிண்டவை ஆரெண்டுகூடத் தெரியாது." அவள் சொன்ன விதத்தில் சுமித்திராவுக்கு ஒரு கணம், இது உண்மையாக இருந்தால் என்ன என்று தோன்றியது.

அந்தக் கணம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரைக்கும்தான் இருந்தது.

நிசாந்தினி கிணற்றடியில் நின்று தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தி, சிங்களத்தில். சுமித்திரா வாழையின் பின்னால் அசையாமல் நின்றாள். முகாமில் தண்ணி வரிசையிலும் மருந்து வரிசையிலும் நின்று பொறுக்கிய சிங்களம் அவளிடம் கொஞ்சம் இருந்தது. மஹத்தயா என்றாள். ஐயா. கடொல் என்றாள். செங்கல். பிறகு இரண்டு தரம் சிகுராதா என்றாள். வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை கட்டாயம் வாங்கோ என்று அழாக்குறையாகக் கெஞ்சினாள்.

கதைத்து முடித்துத் திரும்பியவள் சுமித்திராவைக் கண்டு தொலைபேசியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"அக்கா... வெள்ளி வரைக்கும் அந்தத் தளத்தில ஒண்டும் செய்யாதேங்கோ. கழுவக்கூட வேண்டாம்."

"ஏன், வெள்ளிக்கிழமை அதுக்கென்ன பூசையோ?"

"இல்லை... சும்மா. வடிவாப் படம் எடுக்கோணும்."

அவளுடைய கண் சுமித்திராவைப் பார்க்கவில்லை. கிணற்றுக் கப்பியைப் பார்த்தது.

அவள் குளிக்கப் போனதும் சுமித்திரா அந்த முதுகுப் பையைத் திறந்தாள். உடுப்பு, சார்ஜர், தண்ணிப் போத்தல். அடியில் ஒரு துணிப் பொட்டலம். அவிழ்த்தாள். உள்ளே ஒரு செங்கல் துண்டு. பாசியும் ஈரமும் காயாத, அவளுடைய சொந்தக் கிணற்றடிச் செங்கல்.

இல்லை என்று அவள் சொன்ன செங்கல்.

---

"முடிஞ்சுது கதை" என்றார் யோகலிங்கம். "கல்லையும் எடுத்திட்டாள், ஆக்களையும் வரச் சொல்லிப்போட்டாள். வெள்ளிக்கிழமை லொறி வரும்."

"என்ன அண்ணை செய்யிறது?"

"வாற ஆக்களுக்குக் காட்ட ஒண்டும் இருக்கக்கூடாது. செங்கலை நாங்கள் பொறுக்கிப்போடலாம். இந்தச் சீமெந்து?" அவர் தளத்தைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். "இதைத்தான் அவள் தடவித் தடவிப் பாக்கிறாள். இது போகோணும்."

"என்ர கருவாடு?"

"கருவாட்டை மணலில பாய் விரிச்சும் போடலாம். காணி போனா எங்க விரிப்பாய்?"

சுமித்திரா தலையாட்டினாள்.

புதன்கிழமை காலை நிசாந்தினி முல்லைத்தீவுக்கு பஸ் ஏறினாள். "பின்னேரம் வந்திடுவன் அக்கா. உங்களுக்கு ஏதும் வாங்கோணுமோ?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பஸ் பாலத்தைத் தாண்டியதும் யோகலிங்கத்தின், பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்தது. பெட்டியில் நாலு பேர், அலவாங்கு, சம்மட்டி. கூடவே, வீதி வேலை செய்யும் மருமகனிடம் கேட்டு வாங்கிய உடைக்கிற மெஷினும் ஜெனரேற்றரும்.

"முதல் அடி நீ போடு" என்று சம்மட்டியை நீட்டினார் யோகலிங்கம். "பிறகு, என்னைக் கேளாமல் உடைச்சது எண்டு சொல்லக்கூடாது."

கெட்டிக்காரன்தான்.

சுமித்திரா சம்மட்டியை வாங்கினாள். ஷெல்லடிக்கும் அசையாத சீமெந்து. கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி ஒரு அடி போட்டாள். கை மூட்டு விண்ணென்றது. தளத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை.

பிறகு மெஷின் இறங்கியது. காது கிழிகிற சத்தம். நாலு பக்கத்திலிருந்தும் வெட்டி, அலவாங்கால் நெம்பி நெம்பி எடுத்தார்கள். ஒரு முழம் தடிப்பு. முதல் துண்டு புரண்டதும் ஒருவன் கத்தினான்.

"அண்ணை, இஞ்சை பாருங்கோ!"

சீமெந்துக்குள்ளே செங்கல். அடியில் நிரவி, மேலே சீமெந்து ஊற்றியிருந்தார்கள். வெளியே காணியில் கிடப்பவை மழையிலும் வெயிலிலும் தேய்ந்து உருண்டுபோனவை. இவை நேற்றுச் சூளையிலிருந்து இறக்கியவை போல விளிம்பு கூராக இருந்தன.

சுமித்திரா ஒன்றைத் தடவிப் பார்த்தாள். செங்கலை மறைக்கத்தான் இவ்வளவும். தளமே செங்கல் வயிறோடு கிடந்திருக்கிறது!

"பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ!" யோகலிங்கம் கையைத் தட்டினார். "இதுதான் அவள் தேடினது. ஒரு துண்டும் மிச்சம் இருக்கக்கூடாது. கெதியா, களப்புக்குள்ள!"

பெட்டி பெட்டியாகப் போனது. களப்புக் கரையில் நின்று ஒவ்வொன்றாக உப்புத் தண்ணிக்குள் ஆழமாகத் தள்ளினார்கள். கடைசிப் பெட்டியும் போனபின் பள்ளத்தில் மண் போட்டு மூடி, மேலே தென்னோலையைப் போட்டு, அதற்கு மேலே கருவாட்டையும் பரப்பினாள் சுமித்திரா. தளம் ஒன்று இருந்ததாக யாரும் சொல்ல முடியாது.

பின்னேரப் பஸ்ஸில் நிசாந்தினி வந்தாள். கையில் ஒரு பை அப்பிள். படலைக்குள் வந்தவள் நின்றாள். ஓலையைப் பார்த்தாள். ஓடிவந்து கருவாட்டையும் ஓலையையும் இழுத்து எறிந்தாள். புது மண்.

"எங்க?" என்றாள்.

"என்ன எங்க?"

"அக்கா, தளம் எங்கக்கா?"

"எந்தத் தளம்?" சுமித்திரா கையைக் கட்டிக்கொண்டாள். "வாற வெள்ளிக்கிழமை உம்மட மஹத்தயா வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்லுவன். எந்தத் தளம்?"

நிசாந்தினியின் கையிலிருந்த பை விழுந்தது. அவள் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுதபோது அவளுடைய பேச்சு முழுக்கத் தாய் தகப்பனின் மலைநாட்டுப் பேச்சாக மாறியது.

"ஐயோ, என்னக்கா பண்ணிட்டீங்க! அதக் காட்டத்தானே அவங்கள வரச் சொன்னேன்!"

"ஓமோ. அப்ப நீதான் வரச் சொன்னனி." சுமித்திரா கிட்ட வந்தாள். நினைத்தது சரியென்றாகும்போது வருகிற ஒரு கொடூரமான சந்தோசம். "சோத்தையும் திண்டு..."

"நான்தான் வரச் சொன்னேன். அவங்க எப்பிடியும் வரத்தான் போறாங்க. சீக்கிரமே எல்லைக்கல் போடுறதா ஏற்கெனவே முடிவு பண்ணிட்டாங்க. ஆராய்ச்சிக்கு அனுமதி கேக்கப் போனப்ப தொல்பொருள் அதிகாரியே சொன்னார். நாவலடிக்கண்டலில பழைய செங்கல் கிடக்குதாம், ஆதி காலத்துக் கட்டடமாம். நான் வந்து பார்த்தா உங்க முத்தத்தில பீரங்கித் தளம்! பட்டாளம் இங்க இருந்திருந்தா செங்கலும் பட்டாளம் கொண்டு வந்ததுதானே? எண்பது வருசத்துச் செங்கல். அத வைச்சு யாரும் காணிய எடுக்க ஏலாது. கல் போட முதல் ஒரு தரம் வந்து தளத்தைப் பாருங்கன்னு நான் கெஞ்சின பிறகுதான் வெள்ளிக்கிழமைக்குச் சம்மதிச்சார்."

மண்ணில் அப்பிள்கள் உருண்டு கிடந்தன.

"இதை ஏன் நீர் எனக்குச் சொல்லேல்லை?" சுமித்திராவின் கட்டியிருந்த கை இறங்கியது.

நிசாந்தினி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளை நேராகப் பார்த்தாள். "நான்தான் அவையை வரச் சொன்னனான் எண்டு சொல்லியிருந்தா, நீங்கள் என்னைப் படலைக்குள்ள விட்டிருப்பீங்களோ அக்கா?"

சுமித்திரா யோசித்தாள். விட்டிருக்கமாட்டாள். யோகண்ணையிடம் சொல்லி பஸ் ஏற்றி விட்டிருப்பாள்.

இப்போது தளம் இல்லை. செங்கல் மட்டும் காணி முழுக்கக் கிடக்கிறது.

நிசாந்தினி அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போடத் தொடங்கினாள். சுமித்திராவுக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது.

"பிள்ளை, கொஞ்சம் பொறும். சீமெந்துக்குள்ளயும் செங்கல் இருந்தது. அடியில நிரவி வைச்சிருந்தது."

நாடா பாதியில் நின்றது. "உள்ளுக்கோ? விளிம்பு எப்பிடி இருந்தது?"

"புதுசு மாதிரி. முதுகில ஒரு பள்ளமும் இருந்தது. பள்ளத்துக்குள்ள என்னவோ எழுத்துப் போல..."

நிசாந்தினி எழுந்து அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அது மெஷினில அடிச்ச செங்கல்! ஆதி காலத்தில அது இல்லை. எங்க போட்டீங்கள்?"

---

வியாழக்கிழமை பகல் முழுக்க நாவலடிக்கண்டல் ஆம்பிளையள் இறால் பிடிக்கவில்லை, சீமெந்து பிடித்தார்கள். யோகலிங்கம் இடுப்பளவு சேற்றில் நின்று எல்லோரையும் ஏசினார்.

"ஆரடா நடுவில கொண்டுபோய்ப் போட்டது? கரையில போடச் சொன்னனான் எல்லோ!"

"நீங்கள்தானே அண்ணை ஆழமாத் தள்ளச் சொன்னது."

"நான் சொன்னா உங்களுக்கு மூளை இல்லையோ?"

சுமித்திராவும் இறங்கித் தேடினாள். பாதம் பாதமாகச் சேற்றைத் துழாவி, கூராக ஏதாவது தட்டினால் முழுகி எடுத்தாள். எல்லாம் கிடைக்கவில்லை. ஆணி நிற்கும் நாலைந்து துண்டுகளும், செங்கல் ஒட்டிய சில துண்டுகளும் கிடைத்தன. அவற்றில் ஒன்று நிசாந்தினியைக் கத்த வைத்தது. மேலே துருப்பிடித்த ஆணி, நடுவில் சீமெந்து, அடியில் பள்ளம் வைத்த முழுச் செங்கல். பள்ளத்துக்குள் ஆங்கில எழுத்து, கம்பனி அச்சு. கனமென்றாலும் ஒரு ஆள் தூக்கக்கூடிய துண்டு.

"இது போதும் அக்கா. இது ஒண்டு போதும்."

வெள்ளிக்கிழமை ஒரு வானும் பின்னால் ஒரு லொறியும் வந்தன. லொறியில் எல்லைக்கற்கள். வெள்ளை அடித்து, இலக்கம் போட்டு, புதிதாக.

வானிலிருந்து இறங்கிய அதிகாரிக்கு ஐம்பது வயது இருக்கும். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நல்ல தமிழில் வணக்கம் சொன்னார். அது சுமித்திராவுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. நிசாந்தினி திங்கட்கிழமை எடுத்த படங்களைத் தொலைபேசியில் காட்டினாள். அவர் படத்தைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், ஓலையில் வரிசையாக வைத்திருந்த துண்டுகளைப் பார்த்தார். குனிந்து ஒரு துண்டில் விரலை வைத்தார். விரல் ஈரமாக வந்தது.

"இது எங்கேயிருந்து வந்தது?"

நிசாந்தினி சுமித்திராவைப் பார்த்தாள்.

"திங்கட்கிழமை இங்கே ஒரு தளம் இருந்திருக்கிறது. இன்றைக்கு இல்லை. அதற்குப் பதிலாக ஈரமான கல் கொஞ்சம். சேறும் இருக்கிறது." அவர் நிசாந்தினியைப் பார்த்தார். "மிஸ், நீங்கள் சொன்ன கதைக்குப் பொருத்தமாக எங்கேயோ இருந்து கொண்டுவந்து வைத்தது என்று நான் ஏன் நினைக்கக்கூடாது?"

மூன்று நாள் முழுக்கச் சந்தேகப்பட்ட சுமித்திராவுக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரிந்தது. அவளும் வாழையின் பின்னால் நின்று இப்படித்தான் பார்த்தாள்.

"உடைத்த ஆள் சொன்னால்தான் இது அந்தத் தளத்துத் துண்டு" என்றார் அதிகாரி. "யார் உடைத்தது? பழைய கட்டடத்தை உடைப்பது குற்றம். அதையும் தெரிந்துகொண்டு சொல்லுங்கள்."

யோகலிங்கம் சுமித்திராவின் முழங்கையில் இடித்தார். "வாயைத் திறவாதை" என்று உதடு அசையாமல் சொன்னார். "வழக்குப் போடுவான்."

வழக்கென்றால் நீதிமன்றம், அலைச்சல், மகள் படிப்பைவிட்டு வந்து நிற்பது. பேசாமல் இருந்தால் லொறியில் இருக்கும் கல் இறங்கும். லொறிக்காரன் ஏற்கெனவே பின்பலகையின் கொளுக்கியில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

சுமித்திரா ஒரு அடி முன்னால் வைத்தாள். அவர் தமிழில் கேட்டதற்கு ஏனோ அவளுக்கு முகாமில் பொறுக்கிய சிங்களம்தான் வாயில் வந்தது.

"மம கடுவே." நான்தான் உடைத்தேன்.

அதிகாரி நிமிர்ந்தார். "ஏன்?"

"நீங்கள் வருவியள் எண்டுதான்" என்றாள் தமிழில். "பழசு எண்டு எதைக் கண்டாலும் கல்லுப் போடுவியள். அந்தப் பயத்தில உடைச்சுக் களப்புக்குள்ள போட்டனான். பிறகு இந்தப் பிள்ளை சொல்லித்தான், நான் உடைச்சது என்ர காணியைக் காப்பாத்த வேண்டியதை எண்டு விளங்கினது. நேற்று நானேதான் முழுகி எடுத்தனான். ஈரம் அதுதான். வழக்குப் போடுறதெண்டால் போடுங்கோ."

அதிகாரி அவளுடைய நகத்திடுக்கில் இருந்த சேற்றைப் பார்த்தார்.

பின்னால் யாரோ கனைத்தார்கள். யோகலிங்கம்.

"ஐயா, அவ ஒரு அடிதான் அடிச்சவா. அதில ஒரு கீறலும் விழேல்லை. மிச்சம் முழுக்க மெஷின். மெஷினைக் கொண்டுவந்தது நான்." பிறகு அவசரமாகச் சேர்த்தார்: "மெஷின் இரவல்தான்."

அதிகாரி அவரையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். சிரிக்கவில்லை. ஆணியும் செங்கலும் சேர்ந்த துண்டைப் புரட்டி, பள்ளத்திலிருந்த எழுத்துகளைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். நெடுநேரம் வாசித்தார், இத்தனைக்கும் எழுத்துகள் கொஞ்சம்தான்.

"நான் முடிவு சொல்ல ஏலாது" என்றார் கடைசியில். "இதைப் பார்க்க வேண்டிய ஆட்கள் மேலே இருக்கிறார்கள். அவர்கள் பார்க்கும்வரை கல் போடுவதை நிறுத்தி வைக்கிறேன். உடைத்ததற்கு உங்கள் இரண்டு பேரிடமும் வாக்குமூலம் எடுக்க வேண்டி வரும்." லொறிக்காரனுக்குக் கை காட்டினார். கொளுக்கி திரும்பவும் மாட்டப்பட்டது. "இந்தத் துண்டை நான் அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறேன்."

அவருடைய ஆள் ஒருவன் குனிந்து துண்டைத் தூக்கினான். நிசாந்தினியின் முகம் மலர்ந்தது. யோகலிங்கம் பெருமூச்சு விட்டார்.

சுமித்திரா மட்டும் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வானின் பின்கதவு திறந்தது. இருக்கிற ஒரே முழுத் துண்டு. கொழும்பு எவ்வளவு தூரம்! வழியில் எத்தனை அலுவலகம், எத்தனை அலுமாரி! ஒரு துண்டு காணாமற்போவதற்குப் பெரிய சதி தேவையில்லை. யாராவது ஒருவர் அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாலே போதும்.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்கோ." அவள் போய் அந்தத் துண்டை ஆளின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கனம் இடுப்பை இழுத்தது. "நானும் வாறன்."

"எங்கே?"

"இது எங்க போகுதோ அங்க. ஆரிட்டக் குடுக்கிறியளோ அவரிட்ட நானே குடுத்து, இது சுமித்திராவின்ர காணிக் கல்லு எண்டு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாறன்."

"அம்மா, எங்களை நம்பலாம்."

"நம்பிறனோ இல்லையோ எண்டு நான் ஒண்டும் சொல்லேல்லையே ஐயா. வாறன் எண்டுதான் சொன்னனான்."

"வானில் இடமில்லை."

சுமித்திரா லொறியைப் பார்த்தாள். "எல்லைக்கல்லுக்கு இடம் இருக்குத்தானே. அதுக்கு மேல இருந்து வாறன்."

"அக்கா, உடுப்பையாவது மாத்துங்கோ!" நிசாந்தினி பின்னால் ஓடிவந்தாள். "நானும் வாறன்."

"வாரும். ஆனா வழியில தொலைபேசியில கதைச்சா எனக்கு முன்னால கதைக்கோணும். என்ன பாஷை எண்டாலும் பரவாயில்லை, சத்தமாக் கதைக்கோணும்."

யோகலிங்கம் கை கொடுத்து ஏற்றிவிட்டார். வெள்ளை அடித்த கற்களுக்கு மேல், மீன் வாடை வீசும் சட்டையோடு, அந்தத் துண்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள் சுமித்திரா. லொறி குலுங்கிக்கொண்டு வீதிக்கு ஏறியது. குலுங்கிய ஒவ்வொரு தரமும், அவளுக்கு அடியில் இருந்த எல்லைக்கற்களை எண்ணிப் பார்த்து, ஒன்றும் ஊருக்குள் இறங்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டே போனாள்.